தகட்டுக் கை

கும்மிடிப்பூண்டி
12-2-1978

சடைக்கு, மணவாளன் எழுதுவது.

இதைக் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் உன் கோபம் பாதி ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். நவம்பரில் இந்தக் கம்பெனி இன்டர்வியூவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தானே வந்தோம்? எனக்கு வேலை கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன், நைனா? பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. உங்கள் திருவள்ளூர்க் குளத்துப் படியில் உட்கார்ந்து லாஜிக் கேட், ஃப்ளிப்ஃப்ளாப் என்று எலக்ட்ரானிக்ஸ் பாடத்தை ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தவர்கள் நாம். ஸ்டேஷனில் திரும்பிப் பார்க்காமல் போனாயே, அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

எழுதாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேறு யார் வாயிலிருந்தாவது நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்டர்வியூவில் மேனேஜர் பாக்கியநாதன் சார் ஒரு கேள்வி கொடுத்தாரே, பிரஸ் மெஷினுக்குப் பூட்டு சர்க்யூட் போடு என்று. அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. உள்ளே நிஜமாகவே ஒரு பிரஸ் நின்றுகொண்டிருந்தது, மூன்றாம் நம்பர். வந்தவர்கள் எழுதிய தாள்களில் உன்னுடையதுதான் எல்லாவற்றிலும் சின்னது. நாலே கேட், ஒரே ஐ.சி. எனக்கு ஏழு கேட் ஆயிற்று, அதிலும் ஒன்று தப்பு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே உன் தாளை என்னிடம் கொடுத்து, "அவன் மூளைக்காரன், எங்கனா பெங்களூர் போயிடுவான். நீ இங்கயே கெடப்ப. அவன் போட்டத நீ கம்பியில கட்டு" என்றார். கட்டினேன். இப்போது உன் சர்க்யூட்தான் மெஷினில் ஓடுகிறது.

டிரான்ஸ்பார்மர் தகடு வெட்டும் பிரஸ் அது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சின்னத் தகடு; சாவியை 'கை' பக்கம் வைத்து, இரண்டு பொத்தானையும் உள்ளங்கையால் அழுத்தினால் மேலேயிருந்து வெட்டுத் தலை இறங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய தகடு; சாவியை 'கால்' பக்கம் திருப்பி, பெடலை மிதித்தால் இறங்கும். யாரும் எதையும் தொடாதபோது அந்தத் தலையைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது உன் நாலு கேட். ஜோராக ஓடுகிறது.

என் தங்கை ரத்னாவையும் இங்கேயே சேர்த்துவிட்டேன். பழவேற்காட்டில் இந்த வருஷம் இறால் சரியில்லை. மூன்றாம் நம்பரில்தான் அவளுக்கு வேலை, அச்சில் மாட்டுகிற துண்டை எடுத்துப்போடுவது.

கோபப்படு, திட்டு. ஆனால் எழுது.

உன்
மணவாளன்


திருவள்ளூர்
20-2-1978

மணவாளனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் உன் யோக்கியதைக்கு அத்தாட்சி இல்லாமல் போயிருக்கும்.

ஒருவனுடைய விடையை வாங்கி வைத்துக்கொண்டு அவனை வெளியே அனுப்பிவிட்டு, அந்த விடையை வைத்தே தொழிற்சாலை நடத்துவதற்கு என்ன பெயர் என்று உங்கள் பாக்கியநாதன் சாரைக் கேட்டுச் சொல். நீயும் கூசாமல் கட்டிக்கொடுத்திருக்கிறாய். அதை எனக்குத் தெரிவிக்க உனக்கு மூன்று மாதம் பிடித்திருக்கிறது.

இங்கே என் நிலைமை உனக்குத் தெரிந்ததுதான். அப்பா கோயில் மடப்பள்ளியிலிருந்து வந்து வேஷ்டியைப் பிழியும்போதெல்லாம் ஒரே பேச்சு: "நானும் எத்தனை நாள் தனியா தளிகை பண்ணிண்டிருப்பேன்? உனக்கு அந்த வேலை வந்தா வரட்டும், வரலைன்னா கரண்டியைப் பிடி." நானோ காலையில் பிரபந்தத்துக்குப் பதிலாக ட்ரூத் டேபிள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெங்களூர் கம்பெனிக்கு மனுப் போட்டிருக்கிறேன். டிஜிட்டல் டிசைன் பிரிவு. அங்கே கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அதே வேலையை எத்தனை குறைவான கேட்டில் செய்கிறாய்? ஆறில் முடித்தவன் பாஸ், நாலில் முடித்தவன் உத்தியோகஸ்தன்.

ஆகவே நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். 'மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் சர்க்யூட் சடகோபன் வடிவமைத்தது, நன்றாக இயங்குகிறது' என்று கம்பெனித் தாளில் ஒரு சான்றிதழ். பாக்கியநாதன் கையெழுத்தோடு. படித்துவிட்டு வருகிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். மெஷினில் ஓடுகிற சர்க்யூட்டோடு போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதை வாங்கி அனுப்பினால் பழையதை மறந்துவிடுகிறேன்.

ரத்னாவை விசாரித்ததாகச் சொல்.

சடகோபன்


கும்மிடிப்பூண்டி
9-3-1978

சடைக்கு,

திட்டு கிடைத்தது. சாப்பிட்டேன், ஜீரணமும் ஆகிவிட்டது. சான்றிதழ் கேட்டிருக்கிறேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார் சார். விடமாட்டேன்.

இப்போது வேறு ஒரு பேஜாரு. போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் நம்பர் தலை தானாக இறங்கிவிட்டது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி முடிந்து எல்லோரும் வந்து நின்றிருக்கிறார்கள். பொத்தானில் கை இல்லை, பெடலில் கால் இல்லை. திடீரென்று டமால் என்று ஒரு அடி. அச்சில் ஒன்றும் இல்லை, யாரும் பக்கத்திலும் இல்லை. அதனால் பிழைத்தோம். நான் ஓடிப்போய் மூடியைத் திறந்து ஒவ்வொரு ஈயப்பற்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக இருக்கிறது. மறுபடி ஓட்டினேன், சமர்த்தாக ஓடியது.

ரத்னாவோடு வேலை செய்கிற குப்பம்மாள் மறுநாள் மெஷினுக்குக் கற்பூரம் காட்டிவிட்டாள். "இன்னாமோ அதுக்குப் பசிக்குது" என்று அவள் சொன்னதிலிருந்து பெண்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் மனமில்லாமல்தான் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சடை. மெஷினை ஓட்டுகிற ஃப்ளைவீல் சக்கரத்தை நிறுத்திவிட்டு அச்சில் கை வைக்கலாம் என்றால், நிறுத்தினால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும் என்று சார் நிறுத்த விடுவதில்லை. ரத்னா கையை உள்ளே விட்டுத்தான் துண்டை எடுக்கிறாள்.

உன் சர்க்யூட்டை இன்னொரு தரம் பார். நீ பார்த்துச் சரி என்றால் எனக்குத் தைரியம்.

இன்னொன்று. உங்கள் வீரராகவர் கோயில் வாசலில் கை, கால், கண் என்று தகட்டில் வெட்டிய உரு விற்பார்களே, நோய் வந்தவர்கள் வாங்கி உண்டியலில் போடுவது. ரத்னா கேட்கிறாள், மூன்றாம் நம்பரில் வேலை செய்கிற எல்லோர் பேரிலும் ஒரு கை உரு வாங்கிப் போடச் சொல்லி. "நோவு வந்தாதான் போடணுமா? வராம இருக்கவும் போடலாம்ல?" என்கிறாள். போட்டுவிடு, நைனா.

மணவாளன்


திருவள்ளூர்
17-3-1978

மணவாளனுக்கு,

பலே. பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கியவன் மெஷினுக்கு நேர்த்திக்கடன் செலுத்தச் சொல்கிறான்! கற்பூரத்தோடு நிறுத்தினீர்களா, எலுமிச்சம்பழமும் நறுக்கினீர்களா?

சர்க்யூட்டைப் பார்த்தேன். மறுபடி வரைந்தேன். சாவி ஒன்று, கை ஒன்று, கால் ஒன்று. எட்டே நிலைமைகள்தான் சாத்தியம். எட்டு வரிசையும் போட்டுச் சரிபார்த்தாயிற்று. யாரும் எதையும் தொடாதபோது சாவி எந்தப் பக்கம் இருந்தாலும் பூட்டு பூட்டித்தான் இருக்கிறது. தாளில் தவறு இல்லை. ஆகவே தவறு கம்பியில் இருக்கிறது. கம்பி கட்டியவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன் ஈயப்பற்றைத் தட்டிப் பார்த்தால் போதாது, எடுத்துவிட்டுப் புதிதாக வை.

நல்ல சேதி: பெங்களூரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மே எட்டாம் தேதி. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "ரயிலுக்குக் கட்டுச்சாதம் நானே பண்றேன்" என்றார். அவருக்கு நான் ஒரே பிள்ளை.

சான்றிதழ் இல்லாமல் நான் போக முடியாது, மணவாளா. இதை மட்டும் நினைவில் வை.

கை உரு வாங்கிவிட்டேன். கோயில் கூட்டத்தில் உண்டியல் பக்கம் நெருங்க முடியவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது. போடுகிறேன்.

சடகோபன்


கும்மிடிப்பூண்டி
14-4-1978

சடை,

இன்று வருஷப் பிறப்பு. கம்பெனி லீவு. அறையில் நானும் ரத்னாவும் மட்டும். அவள் மூலையில் உட்கார்ந்து தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் நம்பர் இன்னும் இரண்டு தடவை இறங்கிவிட்டது. இரண்டும் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டாவது தடவை, அதாவது நேற்று, ரத்னா அச்சிலிருந்து துண்டை எடுத்துக் கையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். கை தப்பித்தது. வளையல் தப்பவில்லை. கண்ணாடி வளையல் மூன்றும் அச்சுக்குள் மாவாகக் கிடந்தன. மணிக்கட்டில் ஒரு கீறல். அவ்வளவுதான். "ஒண்ணும் இல்லண்ணா, வளையல் போச்சு, வாங்கிக்கலாம்" என்று அவள் சொன்னபோது பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. ஊட்டுக்கு வந்து அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் வைக்கவில்லை.

நீ சொன்னபடி பற்று எல்லாவற்றையும் எடுத்துப் புதிதாக வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும்தான் இது.

சாரிடம் போனேன். "சர்க்யூட்ல கோளாறு இருக்கும்போல, கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுப் பாக்கலாம் சார்" என்றேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். உன் சான்றிதழ். டைப் அடித்து வைத்திருக்கிறார், கையெழுத்து மட்டும் பாக்கி. "நீயே சொல்லு. கோளாறான சர்க்யூட்டுன்னா இதுல நா எப்படிக் கையெழுத்துப் போடறது? நல்ல சர்க்யூட்டுன்னா மெஷின எதுக்கு நிறுத்தறது?" என்றார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்காக வாங்கியது.

சடை, நீ ஒரு வார்த்தை எழுது. 'என் சர்க்யூட்டில் சந்தேகம் இருக்கிறது' என்று உன் கையால் எழுதி அனுப்பினால் போதும். அதை வைத்து நான் சாரிடம் சண்டை போட்டு மெஷினை நிறுத்துகிறேன். அப்புறம் வெயில் ஏற ஏற இது அதிகமாகிறதோ என்று ஒரு எண்ணம். கத்திரி வேறு வரப்போகிறது.

கை உருவை உண்டியலில் போட்டாயா? ரத்னா கேட்கச் சொன்னாள்.

மணவாளன்


திருவள்ளூர்
22-4-1978

அன்புள்ள மணவாளா,

சான்றிதழ் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ செய்தது பெரிய உதவி. நவம்பர் விஷயத்தை இனி நான் எடுக்க மாட்டேன்.

ரத்னாவைப் பற்றிப் படித்ததும் தாளை எடுத்தேன். அன்று முழுக்க உட்கார்ந்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன். எட்டு வரிசையும் சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருக்கிற ஒன்றைச் சந்தேகம் என்று நான் எப்படி எழுதுவது? இன்னும் பதினைந்து நாளில் இதே சர்க்யூட்டைப் பெங்களூரில் நாலு பேர் முன்னால் நான் எழுத வேண்டும். என் கையாலேயே இது சந்தேகம் என்று ஒரு தாள் கும்மிடிப்பூண்டியில் இருந்தால்? உனக்கே புரியும்.

ஒன்று செய்வோம். எட்டாம் தேதி முடியட்டும். திரும்பி வந்த மறுநாளே நான் அங்கே வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து மூடியைத் திறந்து பார்த்துவிடலாம். அதுவரைக்கும் ரத்னா கையால் எடுக்க வேண்டாம், கொக்கி வைத்து எடுக்கச் சொல். இரண்டு வாரம்தானே.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. மூன்று தடவையும் சாப்பாட்டுக்குப் பிறகு என்கிறாய். சர்க்யூட்டுக்குச் சாப்பாட்டு வேளை தெரியாதே. அந்த நேரத்தில் மெஷினில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வை.

உரு இன்னும் பையில்தான் இருக்கிறது. பெங்களூர் போவதற்கு முன் போட்டுவிடுகிறேன்.

சடகோபன்


பெங்களூர்
8-5-1978, மாலை

மணவாளா,

இதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். 'மூன்றாம் பிரஸ் நிறுத்து. சாவி திருப்பாதே.' தபாலாபீஸில் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் என்னை அழைத்தார்கள். மூன்று பேர். சான்றிதழைப் பார்த்ததும் அவர்களுக்கு முகம் மலர்ந்தது. கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். நாலு கேட்டையும் போட்டேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், வயதானவர், கேட்டார்: "யாரும் எதையும் தொடவில்லை. சாவியை மட்டும் கையிலிருந்து காலுக்குத் திருப்புகிறேன். திருப்பும்போது என்ன ஆகும்?"

திருப்புவதற்கு முன்னால் பூட்டி இருக்கும், திருப்பின பிறகும் பூட்டி இருக்கும் என்றேன். "அது தெரிகிறது. திருப்பும்போது?" என்றார்.

அந்த இடத்தில் என் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்துவிட்டது, மணவாளா.

உங்கள் கம்பெனி வாசலில் ஷிப்டு மாறும்போது காவல்காரர்கள் மாறுவார்களே, அதை நினைத்துக்கொள். 'கை' பக்கம் ஒரு காவல்காரன், 'கால்' பக்கம் ஒருவன். சாவியைத் திருப்பினால் முதல் ஆளுக்குச் செய்தி நேராகப் போகிறது, உடனே கிளம்பிவிடுகிறான். இரண்டாம் ஆளுக்குச் செய்தி இன்னொரு கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு நொடியில் கோடியில் சில பங்கு தாமதம். அந்தத் தாமதத்தில் பூட்டில் யாருமே இல்லை. கண்ணால் பார்க்க முடியாத நேரம்தான். ஆனால் கிளட்ச்சுக்கு முன்னால் ஒரு ஃப்ளிப்ஃப்ளாப் இருக்கிறதே, அதற்கு அதுவே போதும். ஒரு தரம் 'விடு' என்று காதில் விழுந்தால் பிடித்துக்கொண்டுவிடும். சூட்டில் அந்தத் தாமதம் கூடும். சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் சாவியைக் காலுக்குத் திருப்புகிறீர்கள். அதனால்தான் அந்த நேரம். என் எட்டு வரிசையும் சரிதான். கோளாறு ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் இருக்கிறது.

நவம்பரில் முதலில் நான் மூன்றாவது ஒரு காவல்காரனைப் போட்டிருந்தேன். கையும் இல்லை காலும் இல்லை என்றால் சாவியைப் பார்க்காமல் பிடித்துக்கொள்கிற ஆள். அதைச் சேர்த்தால் இரண்டாவது ஐ.சி. வேண்டும். கேட்டைக் குறைக்கக் கட்டம் போட்டுப் பார்த்தபோது அது வேண்டாத உறுப்பு என்று தெரிந்தது. மார்க் போய்விடும் என்று நானே அடித்தேன். தாளில் அடித்தல் இருக்கும் பார்.

இதையெல்லாம் அந்த மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன், தட்டுத் தடுமாறி. பெரியவர் தலையை ஆட்டினார். "வேலை உனக்குத்தான்" என்கிற மாதிரி சிரித்தார்கள். நான் எழுந்து ஓடி வந்துவிட்டேன்.

மெஷினை நிறுத்து. யார் என்ன சொன்னாலும் நிறுத்து. ரத்னாவை அந்தப் பக்கம் விடாதே.

சடகோபன்


சென்னை, பொது மருத்துவமனை
20-5-1978

சடைக்கு,

இந்த எழுத்து ரத்னாவுடையது. சொல்வது நான். எட்டாவது வரைக்கும் படித்தவள், பிழை இருந்தால் திருத்திப் படி.

உன் தந்தி ஒன்பதாம் தேதி காலையில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகச் சாரிடம் போனேன். நியாயமாகத்தான் கேட்டார்: "வா, திருப்பிப் பாக்கலாம்." காலையில் ஷெட்டு இன்னும் சூடேறவில்லை. நானே சாவியைத் திருப்பினேன். திருப்பித் திருப்பி மணிக்கட்டு வலி எடுத்துவிட்டது. தலை அசையவே இல்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் சிரித்தார். "உன் சிநேகிதனுக்குப் பெங்களூர்ல மண்ட சூடாயிப்போச்சு. லாரி சாயங்காலம் வந்து நிக்கும். வேலயப் பாரு" என்றார். உன் கடிதம் அப்போது வரவில்லை. சூடு ஏற வேண்டும் என்று தந்தியில் இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ரத்னா உட்கார மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நீ உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அவள் உட்காருவதை விட அது மேல்தானே? கொக்கியால்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு அச்சின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. கொக்கிக்கு வரவில்லை. "சாவி 'கை' பக்கமே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க" என்று கத்திவிட்டுத்தான் கையை விட்டேன். சார் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார். "இன்னும் இன்னாத்துக்குப் பயந்துகினு இருக்க? பாரு, ஒண்ணும் ஆவாது" என்று அவரே திருப்பினார்.

வலது கையில் கட்டைவிரல் இருக்கிறது.

அழாதே என்று இவளிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நீயும் அழாதே. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. உன் பேரில் கொஞ்சம். மீதி எல்லாம் அந்தப் பேனாவின் பேரில். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கேள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து போனார். உன் சான்றிதழின் நகலைச் சார் அவரிடம் கொடுத்திருக்கிறார். சர்க்யூட் போட்டவன் சடகோபன், கம்பி கட்டியவன் மணவாளன், அஜாக்கிரதையாகக் கையை விட்டவனும் மணவாளன். கம்பெனிக்கு ஒரு சம்பந்தமும் இல்லையாம். சாவியைத் திருப்பியது யார் என்று எவனும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். நான் சொன்னேன், எழுதிக்கொள்ளவில்லை. ஜூன் ஐந்தாம் தேதி ஷெட்டிலேயே விசாரணை. அதுவரை மூன்றாம் நம்பர் நிற்கும் என்று நினைத்தாயா? மூன்றாம் நாளே ஓட விட்டார்கள். குப்பம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். நாலாம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் அதே சர்க்யூட்டைக் கட்ட வேறு ஒரு பையனைப் பிடித்திருக்கிறார்கள். நாலு கேட், ஒரே ஐ.சி.; மலிவு பார்.

வா என்று கூப்பிடவில்லை. உனக்குப் பெங்களூர் இருக்கிறது. தெரிய வேண்டியது உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதச் சொன்னேன்.

மணவாளன்

அண்ணா, இதுக்குக் கீழ எழுதுறது நான், ரத்னா. அண்ணன் சொல்லல. நீங்க அந்தக் கைய உண்டியல்ல போட்டீங்களா இல்லியா? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க.


திருவள்ளூர்
26-5-1978

மணவாளா, ரத்னா,

ரத்னாவுக்கு முதலில் பதில். போடவில்லை அம்மா. சட்டைப் பையிலேயே இருந்து பெங்களூர் போய்த் திரும்பி வந்திருக்கிறது. நான் முன்னால் நின்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதுகூட அது பையில்தான் இருந்தது. உன் வளையல் உடைந்த கடிதம் வந்த அன்றைக்கே நான் புறப்பட்டு வந்திருக்க வேண்டும். எனக்குத் தேதி பெரிதாகப் போய்விட்டது. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

மணவாளா, பெங்களூரிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஜூன் ஐந்தாம் தேதி காலை வேலையில் சேர வேண்டும். அதே ஐந்தாம் தேதி. சேரவில்லையென்றால் அடுத்த ஆளை அழைத்துக்கொள்வார்கள் என்று கீழே அச்சடித்திருக்கிறது. அவர்களுக்கு நேற்றே பதில் எழுதிவிட்டேன். ஏன் வர முடியவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். கரும்பலகையில் நான் போட்ட சர்க்யூட் ஒருவனுடைய விரல்களை எடுத்துவிட்டது, அதைச் சொல்லப் போகிறேன் என்று. அவர்கள் பொறுத்தால் பொறுக்கட்டும்.

அப்பாவிடம் சொன்னேன். கட்டுச்சாதம் கட்ட எடுத்து வைத்திருந்த வாழை இலையைத் துடைத்துக்கொண்டே, "போய் உள்ளதைச் சொல்லிட்டு வா. தளிகைக்கு ஆள் எப்பவும் வேணும்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

சான்றிதழின் மூலத்தை நான் கொண்டு வருகிறேன். பாக்கியநாதன் நகலைக் காட்டுவதற்கு முன்னால் நானே அதை இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்து, ஆமாம், இது என்னுடையதுதான், இதில் கோளாறு இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன் என்று சொல்வேன். சார் என் பேரில் கேஸ் போடட்டும். குப்பம்மாளுக்குத் தனியாகத் தந்தி கொடுத்திருக்கிறேன், அந்தப் பெஞ்சில் உட்காராதே என்று. உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்பார்கள். தெரியும். இன்னும் பத்து நாள் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ராத்திரி கண் மூடவில்லை. விசாரணைக்குக் காத்திராமல் நாளைக்கே கிளம்புகிறேன். ஷெட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். துரத்தினால் மறுபடி வந்து உட்காருகிறேன்.

இன்ஸ்பெக்டர் காலையில் வந்து திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று கிளம்பப் பார்ப்பார். விட மாட்டேன். சாப்பாட்டு மணி வரைக்கும், கூரை தகிக்கும் வரைக்கும் அவரை நிற்க வைப்பேன். ஃப்ளைவீல் ஓடட்டும். யாரும் பொத்தானைத் தொட வேண்டாம், பெடலை மிதிக்க வேண்டாம். பாக்கியநாதன் சாரே சாவியைத் திருப்பட்டும். அவருக்குத்தான் பயமில்லையே.

அச்சுக்குள் ஒரு கை இருந்தால்தான் அவர்களுக்குப் புரியும். ரத்னா, அந்தத் தகட்டுக் கையை அதற்குத்தான் கொண்டு வருகிறேன்.

சடகோபன்